தடம் இருபத்தொன்பது

செப்டம்பர் 14, ஞாயிறு

வந்து சேர்ந்தோம். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய கட்டடத்தில் தங்கல். இரண்டு அறை, ஒரு குழாய். குழாயில் தண்ணீர் காலை ஆறு முதல் ஏழு வரைதான்.

இந்த வருடத்து ஆடிக் காற்று, தேரி என்கிற இந்தச் செம்மணல் மேட்டை நாற்பதடி தள்ளிப் போட்டிருக்கிறது. அடியில் இருந்த பழைய குளத்துத் தரை வெளியே வந்துவிட்டது. பத்தொன்பது வருடத்துக்கு முன் நான் கண்டுபிடித்த பன்னிரண்டு காலடித் தடங்களின் தொடர்ச்சி அப்படியே கிழக்கே போகிறது. மணல் நிரம்பிய குழிகளாக எண்ணிப் பார்த்தேன், பழைய பன்னிரண்டோடு சேர்த்து மொத்தம் முப்பத்து நான்கு. என் வேட்டைக்காரன் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறான்!

பல ஆயிரம் வருடத்துக்கு முன் ஈரச் சேற்றில் ஒரு மானைத் தொடர்ந்து போனவன் அவன். பாதத்தின் நீளம் இருபத்தேழரை சென்டிமீட்டர். அந்தக் கணக்குக்கு உயரம் ஆறடி. 'தேரியின் ஆறடி வேட்டைக்காரன்' என்று நான் வைத்த பெயர் எங்கள் கல்லூரி வாசலில் பலகையாகவே இருக்கிறது. அக்டோபர் பத்தாம் தேதி அருங்காட்சியகத்தில் அவனுக்குச் சிலை திறக்கிறார்கள். அதற்குள், ஐப்பசி மழைக்கும் முன்பாக, புதுத் தடங்கள் அத்தனைக்கும் பிளாஸ்டர் அச்சு எடுத்தாக வேண்டும். மழை பட்டால் இந்தத் தரை களியாகிவிடும்.

மனைவி இசக்கியையும் அழைத்து வந்திருக்கிறேன். ஆராய்ச்சி மாணவன் வேலை கிடைத்துப் போய்விட்டான், மகள் கோயம்புத்தூரில் விடுதியில். வீட்டில் சும்மாதானே இருக்கிறாள், அளவுகோல் பிடிக்கட்டும் என்று. அவளும் நிலவியல் படித்தவள்தான், எனக்கு ஒரு வருடம் பின்னால். தங்கப் பதக்கம் வாங்கினாள். அதெல்லாம் பழைய கதை.

ஒரு களக் குறிப்பேடு கொடுத்து விதியைச் சொன்னேன். பேனாவால் எழுத வேண்டும். தப்பு வந்தால் அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. படிக்கும்படி ஒற்றைக் கோடு அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"தெரியும்ங்க" என்று சிரித்தாள். எதற்குச் சிரிப்பு என்று தெரியவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

காலை எட்டு மணிக்கு மேல் தடங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெயில் சாய்ந்து விழுந்தால்தான் குழியின் விளிம்பில் நிழல் விழும். உச்சி வெயிலில் இதே தரை வெறும் தரை. ஆகவே ஆறிலிருந்து எட்டு, மாலை நாலரையிலிருந்து ஆறு. நடுவில் சமையல், தூக்கம், தூரிகை கழுவுதல்.

தண்ணீர் பிடிப்பது இசக்கியின் பொறுப்பு. பிடித்து வைத்துவிட்டு ஆறே முக்காலுக்கு வந்தாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சோற்றில் மணல். படுக்கையில் மணல். காதுக்குள் மணல்.

செருப்பை மாற்றச் சொல்கிறாள். ஸ்கூட்டரில் விழுந்த பிறகு என் வலது கால் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்கிறதாம், செருப்பில் குதிங்காலின் வெளிவிளிம்பு தேய்ந்துபோய்விட்டதாம். இந்தப் பொட்டலில் என் செருப்பை யார் பார்க்கப் போகிறார்கள்?

செப்டம்பர் 18, வியாழன்

இன்று இரண்டு தொந்தரவு.

காலையில் பதினாறாவது தடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். "ஆறடி ஆளு இவ்வளவு சின்ன எட்டாவா வைப்பான்? அம்பத்தெட்டு சென்டிமீட்டர்தானே வருது."

மானை நெருங்குகிறவன் மெதுவாகத்தான் நடப்பான் என்றேன். கட்டுரையிலேயே எழுதியிருக்கிறேன்.

"சரி" என்றாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "மான் குளம்புத் தடத்துக்குள்ள மழைத்துளி விழுந்த புள்ளி இருக்கு பாத்தீங்களா? மனுசத் தடத்துல ஒண்ணுல கூட இல்ல. மான் மழைக்கு முன்னாடி போயிருக்கு. ஆளு மழை பெஞ்சு ஓஞ்ச பிறகுதான் வந்திருக்கணும்."

குனிந்து பார்த்தேன். இருந்தது. பத்தொன்பது வருடமாக என் மேசை மேல் இருக்கும் அச்சுகளிலும் அது இருந்திருக்கத்தான் வேண்டும்.

"அப்ப வேட்டை இல்லையா?" என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே.

"எனக்கென்ன தெரியும்? தரை அப்படிச் சொல்லுது."

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மத்தியானக் குழம்பில் உப்புத்தான் அதிகம்.

செப்டம்பர் 20, சனி

டாக்டர் ரஹ்மத்துல்லா சென்னையிலிருந்து வந்தார். முப்பத்தெட்டு வயது. ஒவ்வொரு தடத்தையும் நூறு கோணத்தில் படமெடுத்துக் கணினியில் முப்பரிமாண உருவம் செய்கிறவர். என்னை 'சார்' என்கிறார். அவளை 'மேடம்' என்கிறார்.

செப்டம்பர் 22, திங்கள்

'அக்கா' ஆகிவிட்டாள்.

காலை முழுக்க இருவரும் மண்டியிட்டுப் பேச்சு. "இங்க கட்டைவிரல் அழுத்தம் ரெண்டு தடவை விழுந்த மாதிரி இருக்கே அக்கா?" "ஆமா தம்பி, பத்தொம்பதுலயும் அப்படித்தான்." நான் நடுவில் போய் நின்றால் இருவரும் மரியாதையாக நகர்ந்து இடம் விடுகிறார்கள். மரியாதைதான். அதைக் குறை சொல்ல முடியாது.

மதியம் அவர் என் பழைய கட்டுரையை விரித்து வைத்துக்கொண்டார். "இந்த வரைபடம் யார் சார் போட்டது? என் மாடலோட ரெண்டு மில்லிமீட்டர் கூட வித்தியாசம் இல்ல. கையால போட்டதுன்னு நம்பவே முடியல."

இசக்கி அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைகிற சத்தம் நின்றது.

"அப்போ ஒரு குழு இருந்தது" என்றேன்.

களைகிற சத்தம் மறுபடி கேட்டது.

கட்டுரையின் கடைசியில் 'என் மனைவிக்கும் நன்றி' என்று போட்டிருக்கிறேன். பெயரையும் போட இடம் இருந்திருக்காது.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஆறு மணிக்கே இருவரும் தரைக்குப் போய்விட்டார்கள். இன்று தண்ணீர் நான் பிடித்தேன். எட்டுக் குடம்.

செப்டம்பர் 24, புதன்

மாலையில் ஐந்து நிமிடத் தூறல். தடங்கள் மேல் தார்ப்பாய் போட்டுவிட்டு நாங்கள் இருவரும் பனங்காட்டு வழியாகத் திரும்பினோம். ஓடைக்கரைச் சரிவில் வழுக்கல். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு முன்னால் போனேன். அவளும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் காலடித் தடத்திலேயே காலை வைத்து வந்தாள். அப்படி வைத்தால் வழுக்காது.

நான்கைந்து எட்டு வந்தவள் நின்றுவிட்டாள். திரும்பிக் குனிந்தாள். நானும் பார்த்தேன். என் காலும் அவள் காலும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, குதிங்கால் என்னுடையதாகவும் விரல்கள் அவளுடையதாகவும், நீளமான ஒரே பாதம். இரண்டு பேர் நடந்த வழி ஒரு பெரிய ஆள் நடந்த வழியாக இருந்தது.

"தோசைக்கு மாவு இருக்குல்லா?" என்று மட்டும் கேட்டாள்.

ஈர மண்ணில் தடம் விரிந்துதான் தெரியும். அதில் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 25, வியாழன்

விழிப்பு சீக்கிரம் வந்துவிட்டது. அவள் தண்ணீர் பிடிக்கிற நேரத்துக்கு நான் தரையில் இருந்தேன். இருபத்தெட்டு வரை துடைத்தாகிவிட்டது. அடுத்தது இருபத்தொன்பது. தரை பள்ளமாகச் சரிகிற மூலை அது. பழைய மணலைத் தூரிகையால் எடுத்தேன்.

பிறகு அதே மணலைப் போட்டு மூடினேன். பாதுகாப்புக்காக. இளவெயில்கூட ஈரம் காயாத களியை வெடிக்க வைக்கும்.

பசி இல்லை. இரண்டு தோசைதான் இறங்கியது.

செப்டம்பர் 26, வெள்ளி

மதியச் சாப்பாட்டில் இசக்கியே சொல்லிவிட்டாள். ரஹ்மத்துல்லாவிடம்தான் சொன்னாள், என்னைப் பார்த்துக்கொண்டு. "ஒருத்தர் தடத்துல ஒருத்தர் மிதிச்சு வந்திருக்காங்க. ரெண்டு பேரு. அதான் எட்டு சின்னதா, பாதம் பெருசா இருக்கு."

அவர் தட்டோடு எழுந்து நின்றுவிட்டார். "அக்கா! அப்படின்னா ஆறடியும் இல்ல, தனி ஆளும் இல்ல!" பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "ஆனா சார், நிரூபிக்கணும். ரெண்டாவது ஆள் கால் தவறி வச்ச தடம் ஒண்ணாவது வேணும். ரெண்டு காலும் தனித்தனியாத் தெரியணும். பத்து விரல். அது இல்லாம யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

"கிடைச்சா பாக்கலாம்" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது.

இதில் அவளுக்கு என்ன வேண்டும்? பத்தொன்பது வருடம் வெயிலில் காய்ந்தது நான். வகுப்பு, கூட்டம், விண்ணப்பம், கையெழுத்து எல்லாம் நான். பன்னிரண்டு நாளில் வந்து துடைப்பமும் கையுமாக ஒருத்தி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவாளாம், நான் குடம் தூக்க வேண்டுமாம். எனக்கு வயிறு எரிகிறது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். நியாயத்தைத்தான் சொல்கிறேன்.

ஒன்றை எழுதி வைக்கிறேன். அன்றைக்கு அவள் போட்ட மூல வரைபடத்தில் ஏழாவது தடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக '2?' என்று இருந்தது. அச்சுக்குக் கொடுக்கும்போது நான்தான் அதை எடுத்தேன். கறை மாதிரி இருந்தது. அவள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி, ஊருக்குப் போயிருந்தாள். கேட்க முடியவில்லை.

செப்டம்பர் 27, சனி

இருபத்தெட்டுக்கு அச்சு எடுத்தாள். அடுத்து முப்பதுக்குப் போய்விட்டாள்! இருபத்தொன்பதைத் தொடவே இல்லை. மணல் மூடியிருந்ததால் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. அவள் துடைத்துக் காட்டுவதைத்தான் ரஹ்மத்துல்லாவும் படமெடுக்கிறார். இவ்வளவுதான் இவள் கவனம். இதற்குத்தான் 'அக்கா, அக்கா' என்று ஒரு கொண்டாட்டம்.

ரொம்ப நாளுக்குப் பிறகு மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 29, திங்கள்

அருங்காட்சியகத்திலிருந்து காப்பாளர் பேசினார். சிலைக்கு வர்ணம் அடித்தாகிவிட்டதாம். "கையில ஈட்டி, கண்ணுல ஒரு வெறி. நீங்களே பயந்துருவீங்க நயினார் சார்." புகைப்படம் அனுப்பினார். முகம் கொஞ்சம் என் ஜாடையில் இருக்கிறது. நான் சொல்லித்தான் அப்படிச் செய்தார்களா என்று ரஹ்மத்துல்லா கேட்டார். நான் புகைப்படத்தை மூடிவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

முப்பத்து நான்கு வரை முடிந்தது. பத்து விரல் எதிலும் இல்லை. ரஹ்மத்துல்லாவுக்கு முகமே சரியில்லை. இசக்கி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நாளை மாலை இடியோடு மழை என்று வானொலியில் சொன்னார்கள்.

குழம்பு ஊற்றும்போது, "வேற ஏதாவது மிச்சம் இருக்குதாங்க?" என்று கேட்டாள். குழம்பைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "போதும்" என்றேன்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூசை

நகக்கண்ணெல்லாம் எரிகிறது. ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

காலையில் இசக்கி சாமிப் படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். கரண்டிகள், தூரிகைகள், அளவுகோல், பிளாஸ்டர் கலக்குகிற வாளி. "என் கேமராவுக்கும் ஒரு பொட்டு வைங்க அக்கா" என்று ரஹ்மத்துல்லா கொண்டுவந்து கொடுத்தார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். எல்லாவற்றுக்கும் மேலே தன் களக் குறிப்பேட்டை வைத்தாள். "நாளைக்குக் காலைல பூசை பண்ணித்தான் எடுக்கணும். அதுவரை யாரும் தொடக் கூடாது" என்றாள். பிறகு என்னிடம், "உங்க நோட்டையும் வைங்களேன்."

நான் வைக்கவில்லை.

மூன்று மணிக்கு அம்மன் கோயிலுக்குப் போகிறேன் என்று போனாள். ரஹ்மத்துல்லா மற்ற அறையில் கணினியோடு இருந்தார். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பொரியும் சுண்டலும் மணக்க, அந்தக் குறிப்பேடு மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இருபத்தொன்பதைப் பற்றி அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் போதும். ஒன்றும் எழுதியிருக்க மாட்டாள் என்று உறுதி செய்துகொள்ளத்தான். எடுத்தேன். சந்தனம் விரலில் ஒட்டியது.

எழுதியிருந்தாள். அப்படியே இங்கே எழுதுகிறேன்:

'செப். 25, காலை 6.50. தடம் 29. பழைய மணல் இறுகியது அல்ல, இன்று போட்டு மூடிய பொலபொலப்பான மணல். மூடியவர் ஆண். வலது செருப்பில் குதிங்காலின் வெளிவிளிம்பு தேய்ந்தது. வரும்போது அவசர நடை, எட்டு நீளம். தடத்துக்கு அருகே இரண்டு முழங்கால் பதிவு, ஆழம். நேரம் எடுத்து உட்கார்ந்திருக்கிறார். உள்ளங்கைப் பதிவு நான்கு. திரும்பும்போது எட்டு சிறியது. இரண்டு இடத்தில் நின்று திரும்பிப் பார்த்திருக்கிறார்.

மூடியதைத் திறந்து பார்க்கவில்லை. மூடியவர் திறக்கும்வரை தடம் 29 கணக்கில் வராது.'

ஆறு நாள். ஆறு நாளாக இந்தப் பக்கத்தை எழுதி வைத்துக்கொண்டு எனக்குத் தோசை வார்த்திருக்கிறாள். தன் வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கக்கூடிய சான்று அந்த மணலுக்கடியில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கையால் தள்ளினால் தெரிந்துவிடும். தள்ளவில்லை.

வெளியே முதல் இடி.

ஓடினேன். வாசலைத் தாண்டிய பிறகுதான் கரண்டி எடுக்கவில்லை என்று தெரிந்தது. குறிப்பேட்டைத் தொட்ட கைக்கு மறுபடி அந்தச் சாமி முன்னால் நீள மனம் வரவில்லை. அரை மைல். சிவப்பு மணலில் பெரிய பெரிய துளிகள் விழ ஆரம்பித்தன. மண்டியிட்டேன். ஆறு நாள் முன்பு மண்டியிட்ட அதே இடம். வெறும் கையால் மணலை அள்ளி அள்ளிப் போட்டேன், நகக்கண்ணில் ரத்தம் வந்தது.

தலைக்கு மேல் மழை நின்றது. நிமிர்ந்தேன். இசக்கி தார்ப்பாயின் ஒரு நுனியைப் பனையில் கட்டிவிட்டு மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் பிளாஸ்டர் மூட்டை, சங்கத்துக் குடம்.

"எவ்வளவு நேரமா நிக்கே?"

"வானம் கறுத்ததுல இருந்து, இந்தப் பனைக்குப் பின்னாலதான். கோயிலுக்குப் போகல."

"நான் வரலைன்னா?"

தார்ப்பாயை இழுத்துப் பிடித்தாள். "முப்பத்து மூணு தடம்னு எழுதிட்டு ஊருக்குப் போயிருப்பேன். அதுக்கப்புறம் உங்ககிட்ட எதையும் கேட்டிருக்க மாட்டேன்."

கடைசி மணலை ஊதினேன். அவள் தார்ப்பாயைப் பிடித்தபடியே குனிந்து பார்த்தாள். சரிவில் பின்னால் வந்தவருக்கு நாலு விரற்கடை வழுக்கி, கால் பக்கவாட்டில் விழுந்திருக்கிறது. இரண்டு பாதம் தனித்தனியாக. பத்து விரல்.

ஒன்றைத்தான் நான் அன்றைக்கு அவசரத்தில் பார்க்கவில்லை. இரண்டு பேர் என்றால் ஆண் முன்னால், பெண் பின்னால் என்று என் மனதிலேயே முடிவாகியிருந்தது. இசக்கி கையால் சாண் போட்டு அளந்தாள். முன்னால் போன பாதம் ஏறத்தாழ இருபத்திரண்டரை சென்டிமீட்டர். பின்னால் அதன் மேல் மிதித்து வந்தது இருபத்து நான்கு. சின்னக் கால்தான் வழி காட்டிப் போயிருக்கிறது. பெரிய கால் வழுக்காமல் இருக்க அதை நம்பி வந்திருக்கிறது.

அவள் அழுதாள், சத்தமில்லாமல். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. வாளி பூசையில் இருந்ததால் குடத்திலேயே பிளாஸ்டரைக் கலக்கினேன். அச்சு இறுகும்வரை இருபது நிமிடம் ஆளுக்கொரு நுனியாகத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகு வந்த மழையில் முப்பத்து நான்கு தடமும் போய்விட்டன.

அக்டோபர் 2, வியாழன்

காலையில் பூசை முடித்துச் சாமான்களை எடுத்தாள். நான் குளித்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

காப்பாளருக்குப் பேசினேன். வேட்டை இல்லை, ஆறடி இல்லை, ஈட்டி வேண்டாம், இரண்டு பேர் வேண்டும், முன்னால் போகிறவர் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு என்றேன். "சார், வர்ணம் காஞ்சு போச்சே!" என்றார். புதிதாகச் செய்யுங்கள் என்றேன். யார் சொன்னார்கள் என்று மேலிடத்துக்கு எழுதுவது என்று கேட்டார். முனைவர் பட்டம் இல்லாத பெயரைப் பலகையில் போடுவார்களா என்று எனக்குத் தெரியாது. 'இசக்கியம்மாள்' என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். ரஹ்மத்துல்லா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை.

எழுதிவிடுகிறேன். பொறாமைதான். பத்தொன்பது வருடம் முன்னால் அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தபோதும் இதுதான். இப்போதும் போகவில்லை.

அச்சுப் பெட்டியின் சீட்டில் 'கண்டறிந்தவர்' என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "கீழ 'மூடியவர்'னு ஒரு வரி சேக்கணுமா?" என்றாள். பதினெட்டு நாளில் அவள் என்னைக் கேலி செய்தது இதுதான் முதல் தடவை.

"நோட்டுல அந்தப் பக்கம் இருக்கே" என்றேன். "ரஹ்மத்துல்லா படிப்பார். நாளைக்கு எவனெவனோ படிப்பான்."

"படிக்கத்தான் செய்வாங்க. அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. நீங்க சொன்ன விதிதானே?"

குறிப்பேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். பேனா மூடியையும் அவளே கழற்றிக் கொடுத்தாள். 'மூடியவர் ஆண்' என்பதில் 'ஆண்' என்ற சொல்லின் மேல், படிக்கும்படி, ஒற்றைக் கோடு அடித்தேன். பக்கத்தில் 'நயினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.